கோகல், துர்கனேவ், கோஞ்சரோவ், ஷெட்ரின்: பண்ணையடிமைக் கால ரஷ்யாவுக்குள் எந்த நூல் வழியாக நுழைவது?

தல்ஸ்தோயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் ஓரளவு படித்து முடித்த வாசகர், அந்நாவல்களில் வரும் பிரபுக்களின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தொடங்கும்போது, அதற்கு முந்தைய ரஷ்யாவை நோக்கித் திரும்புகிறார். 1861 பிப்ரவரி 19 அன்று (பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி) பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திடும்வரை, ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் மக்கள் நிலப்பிரபுக்களின் உடைமையாக இருந்த ரஷ்யா அது. அதைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று விசாரித்தால் பெரும்பாலும் நான்கு பெயர்கள் கிடைக்கும்: நிக்கொலாய் கோகலின் ‘இறந்த ஆன்மாக்கள்’, இவான் துர்கனேவின் ‘வேட்டைக்காரனின் குறிப்புகள்’, இவான் கோஞ்சரோவின் ‘ஒப்லோமோவ்’, சால்திகோவ்-ஷெட்ரினின் ‘கோலவ்லியோவ் குடும்பம்’. நான்கையுமே பண்ணையடிமை முறையின் நூல் என்று சொல்ல முடியும் என்பதால்தான் எதில் தொடங்குவது என்பதில் தடுமாற்றம் ஏற்படுகிறது. நான்கையும் படிக்க நேரம் உள்ளவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ஒன்றையோ இரண்டையோ மட்டும் படிக்க இருப்பவர், தமக்கு வேண்டியது எது என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதியில் நூலை மூடிவைக்க நேராது.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான அளவுகோல், பண்ணையடிமை அந்த நூலில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதே. அந்த முறையைப் பற்றிய நூல் என்று சொல்லப்படும் ஒன்றில் அடிமை மனிதராகவே தோன்றாமல் இருக்கலாம்; அது குறையாகவும் இருக்கலாம், நூலின் நோக்கமாகவும் இருக்கலாம். அடுத்ததாக மாகாண வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். ஆளுநர் மாளிகை விருந்து, பதிவு அலுவலகம், சேறு நிறைந்த பாதை, பண்ணை வீட்டுச் சமையலறை ஆகியவை எவ்வளவு அருகிலிருந்து காட்டப்படுகின்றன என்பது நூலுக்கு நூல் பெரிதும் மாறுகிறது. மூன்றாவதாக வருவது சிரிப்பின் தன்மை. அங்கதம் என்ற ஒரே சொல்லின் கீழ் வாய்விட்டுச் சிரிக்கவைக்கும் எழுத்தும் உண்டு, மூச்சை அடைக்கவைக்கும் எழுத்தும் உண்டு. இறுதியாக, விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்: முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டிய சட்டமும் வரலாறும், கேட்கும் பொறுமை, முடிவுபெறாத கதை, ஆசிரியர் மீது நாம் வைத்துவிடும் தவறான எதிர்பார்ப்பு.

| | இறந்த ஆன்மாக்கள் | வேட்டைக்காரனின் குறிப்புகள் | ஒப்லோமோவ் | கோலவ்லியோவ் குடும்பம் |
|---|---|---|---|---|
| நூலான ஆண்டு | 1842 | 1852 | 1859 | 1880 |
| வடிவம் | பயணக் கதை; முதல் பகுதியில் 11 அத்தியாயங்கள் | தனித்தனிச் சித்திரங்கள்; இறுதி வடிவில் 25 | நான்கு பகுதி நாவல் | தொடர் சித்திரங்களிலிருந்து வளர்ந்த நாவல் |
| களம் | பெயர் சொல்லப்படாத மாகாண நகரும் பண்ணைகளும் | பெரும்பாலும் ஓரியோல் மாகாணக் கிராமங்கள் | பீட்டர்ஸ்பர்க்; கிராமம் கனவில் | ஒரு குடும்பத்தின் பண்ணை வீடுகள் |
| அடிமை நிற்கும் இடம் | காகிதத்தில் | வாசகரின் எதிரில் | எசமானின் அறையில் | கதவுக்கு வெளியே |
| சிரிப்பு | மிகுதி | அரிது, மெல்லியது | முதல் பகுதியில் மிகுதி | ஏறக்குறைய இல்லை |

## இறந்த ஆன்மாக்கள்

இதன் கதை ஒரு கணக்கு முறையின் ஓட்டையில் பிறக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் படித்தால் பாதி நகைச்சுவை கைநழுவிப் போகும். முதலாம் பீட்டர் கொண்டுவந்த தலைவரி, ஆண் குடியானவர்களை மட்டும் எண்ணி விதிக்கப்பட்டது. எண்ணப்பட்ட ஒவ்வொருவரும் ஓர் ‘ஆன்மா’. கணக்கெடுப்போ பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடந்தது. ஏழாவது கணக்கெடுப்பு 1815இலும் எட்டாவது 1833இலும் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் இறந்தவர், அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை அரசுப் பதிவேட்டில் உயிரோடு இருந்தார். அவருக்குரிய வரி அதுவரை நிற்கவில்லை.

பாவெல் இவானோவிச் சிச்சிகோவ் என்ற நடுத்தரத் தோற்றமும் நடுத்தரப் பருமனும் கொண்ட முன்னாள் அதிகாரி, இந்த இறந்தவர்களை விலைக்கு வாங்க ஒரு மாகாண நகருக்கு வருகிறார். விற்பவருக்கு வரிச்சுமை குறைகிறது. வாங்குபவர் அவர்களைக் கெர்சோன் மாகாணத்தில் குடியமர்த்தப்போவதாகக் காகிதத்தில் காட்டி, காப்பாளர் மன்றம் என்ற அரசு நிறுவனத்திடம் அடகு வைத்துக் கடன் பெறலாம். தலைக்கு 200 ரூபிள் என்று வைத்தால், ஆயிரம் பேருக்கு 2 லட்சம் ரூபிள் என்று சிச்சிகோவ் கணக்கிடுகிறார். அடிமைகளை அடகு வைப்பது அன்றைய பிரபுக்களின் அன்றாட வழக்கம். விடுதலைக்குச் சற்று முன்பு தனியார் உடைமையாக இருந்த அடிமைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அடகில் இருந்தனர். ஆகவே சிச்சிகோவின் மோசடி, சட்டம் அனுமதித்த வழக்கத்திலிருந்து ஒரே ஒரு எட்டு தள்ளித்தான் நிற்கிறது. உயிரோடு இருப்பவரை அடகு வைத்தால் கண்ணியம், இறந்தவரை அடகு வைத்தால் குற்றம் என்ற அந்த எல்லைக்கோட்டில்தான் நூலின் அங்கதம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது.

ஐந்து நிலப்பிரபுக்களிடம் நடக்கும் ஐந்து பேரங்கள் நாவலின் முதுகெலும்பு. இனிக்க இனிக்கப் பேசும் மனீலோவ் காசு வாங்காமலேயே கொடுத்து, பட்டியலை இளஞ்சிவப்பு நாடாவால் கட்டி ஒப்படைக்கிறார். விதவையான கொரோபோச்கா, இறந்தவர்களின் சந்தை விலை தெரியாமல் ஏமாந்துவிடுவோமோ என்று அஞ்சி, தேனையோ சணலையோ வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சுகிறார். நொஸ்திரியோவ் செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தில் காயை நகர்த்தியபடி ஏமாற்றப் பார்க்கிறார். சொபக்கேவிச் தலைக்கு 100 ரூபிள் என்று தொடங்கி, இறந்த வண்டித்தச்சனின் வேலைத்திறனையும் செருப்புத் தைப்பவனின் குடிக்காத குணத்தையும் புகழ்ந்து பேசி, கடைசியில் இரண்டரை ரூபிளுக்கு இறங்கிவருகிறார். அதிலும் ஒரு பெண்ணின் பெயரை ஆண் பெயர்போல எழுதிப் பட்டியலில் நுழைத்துவிடுகிறார். ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருக்கும் பிலியூஷ்கினின் களஞ்சியத்தில் தானியம் மக்கிப்போகிறது. வீட்டு வேலையாட்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே சோடிக் காலணி, அதுவும் நடையிலேயே இருக்க வேண்டும், உள்ளே வருபவர் போட்டுக்கொண்டு வந்து போகும்போது கழற்றி வைக்க வேண்டும்.

மாகாண வாழ்க்கை என்ற அளவுகோலில் இந்நூலை மற்ற மூன்றும் நெருங்க முடியாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் கோப்பு எந்த மேசைக்குப் போகிறது, எந்த எழுத்தர் எப்போது கைநீட்டுகிறார், ஆளுநர் மாளிகை நடனத்தில் யார் யாரிடம் குனிகிறார்கள் என்பதெல்லாம் கண்முன் நடக்கின்றன. சிச்சிகோவைப் பற்றி நகரம் கிளப்பும் வதந்திகளின் பெருக்கம், ஆளுநரின் மகளைக் கடத்த வந்தவர் என்பதில் தொடங்கி மாறுவேடத்தில் வந்த நெப்போலியன் என்பதுவரை போகிறது.

அடிமை நிற்கும் இடம் என்ற முதல் அளவுகோலுக்கு வந்தால்தான் சிக்கல். நாவலில் உயிரோடு வரும் அடிமைகள் வண்டியோட்டி செலிஃபானும் பணியாள் பெத்ரூஷ்காவும் வழியில் தென்படும் சில குடியானவர்களும்தான். அனைவரும் நகைப்புக்குரியவர்கள், அவர்களுடைய மனத்துக்குள் கோகல் அதிகம் நுழைவதில்லை. அதற்கு நேர்மாறாக ஏழாம் அத்தியாயத்தில், ஏறக்குறைய 400 பேரின் பட்டியலை மேசைமேல் விரித்துப் பெயர் பெயராகப் படிக்கும் சிச்சிகோவுக்கு, இறந்தவர்கள் உயிர்பெற்று எழுகிறார்கள். தச்சன் ஸ்தெப்பான் எந்த உயரத்திலிருந்து விழுந்து செத்தானோ, செருப்புத் தைக்கும் மக்சீம் எப்படிக் குடித்து அழிந்தானோ, தப்பியோடிய அபாக்கூம் இப்போது வோல்கா ஆற்றில் படகு இழுக்கிறானோ என்று அந்த மோசடிக்காரரின் கற்பனை ஓடுகிறது. உயிரோடு இருப்பவர்களுக்குக் கிடைக்காத முகம், விற்பனைப் பட்டியலில் பெயராக எஞ்சியவர்களுக்குக் கிடைக்கிறது. இந்த ஓர் அத்தியாயத்துக்காகவே நான் இந்நூலை முதலிடத்தில் வைக்கிறேன். ஆயினும் குடியானவர் எப்படி உண்டார், உழுதார், அடிபட்டார் என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு இது போதாது.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது ஆசிரியரைப் பற்றிய எதிர்பார்ப்பு. கோகல் பண்ணையடிமை முறையை ஒழிக்க எழுதினார் என்று நம்பித் தொடங்குபவர் ஏமாறுவார். அவர் எள்ளி நகையாடியது உடைமையாளர்களை. உடைமை முறையையே எதிர்த்தவர் அல்லர். 1847இல் அவர் வெளியிட்ட கடிதத் தொகுப்பு, நல்ல பண்ணையார் தன் குடியானவரை எப்படி நடத்த வேண்டும் என்று உபதேசித்தது. அதைக் கண்டு கொதித்த விமர்சகர் பெலீன்ஸ்கி அதே ஆண்டு கோகலுக்குக் கடுமையான கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நண்பர்கள் கூட்டத்தில் வாசித்தது, 1849இல் தஸ்தயேவ்ஸ்கி மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. நாவல் தன் ஆசிரியரைவிட வெகுதூரம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. தணிக்கையாளர்களுக்கும் அந்தத் தூரம் தெரிந்திருந்தது. மாஸ்கோ தணிக்கைக் குழு தலைப்பைக் கேட்டே மிரண்டது. பீட்டர்ஸ்பர்கில் அனுமதி கிடைத்தபோது ‘சிச்சிகோவின் சாகசங்கள்’ என்ற முன்னொட்டு சேர்ந்தது, போரில் ஒரு கையையும் காலையும் இழந்த கேப்டன் கொப்பேய்கினின் கிளைக்கதையைக் கோகல் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

இன்னொரு செலவு நடையின் வேகம் தொடர்பானது. ஓர் உவமையைத் தொடங்கி, அந்த உவமைக்குள்ளேயே ஒரு முழு மனிதரைப் படைத்து, அவரைப் பின்தொடர்ந்துவிட்டுத் திரும்பிவரும் எழுத்து இது. கதை எங்கே போகிறது என்று அவசரப்படுபவருக்கு எரிச்சல் தரும். நாயகரின் முன்கதைகூடப் பதினோராம் அத்தியாயத்தில்தான் வருகிறது.

அலுவலகமும் காகிதமும் பேரமும் மனிதர்களை என்ன செய்கின்றன என்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கும், சிரித்தபடியே படிக்க விரும்புபவர்களுக்கும் நான்கில் இதுவே பொருத்தமான தொடக்கம்.

## வேட்டைக்காரனின் குறிப்புகள்

துப்பாக்கியுடன் காடுமேடு சுற்றும் ஒரு நிலப்பிரபு, வழியில் சந்திப்பவர்களைப் பற்றி எழுதிவைக்கும் சித்திரங்களின் தொகுப்பு இது. முதல் சித்திரம் 1847இல் ‘சமகாலத்தவன்’ இதழில் வந்தது. 1852இல் நூலாக வெளிவந்தபோது அனுமதி அளித்த தணிக்கையாளர் வேலையை இழந்தார். அதே ஆண்டு, கோகலின் மறைவுக்கு எழுதிய அஞ்சலிக்காகத் துர்கனேவ் ஒரு மாதம் காவலில் வைக்கப்பட்டுப் பிறகு தம் பண்ணைக்கே நாடுகடத்தப்பட்டார் என்பது இந்த இரு நூல்களையும் பிணைக்கும் ஒரு வரலாற்றுச் செய்தி.

அடிமை நிற்கும் இடம் என்ற அளவுகோலில் இதற்கு நிகரில்லை. ‘ஹோரும் கலீனிச்சும்’ என்ற முதல் சித்திரத்திலேயே இரண்டு குடியானவர்கள் இரண்டு வெவ்வேறு அறிவும் குணமும் உள்ள மனிதர்களாக நம் எதிரே அமர்கிறார்கள். அவர்களுக்கு உடைமையாளரான பொலுத்திக்கின் அவர்களைவிட மங்கலாகத் தெரிகிறார். அன்றைய வாசகருக்கு இது புதிது. நிலப்பிரபுவின் நிலத்தில் வாரத்தில் சில நாட்கள் ஊதியமின்றி உழைக்கும் முறைக்கும், பணமாகக் குத்தகை செலுத்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கும் முறைக்கும் இடையே குடியானவரின் வீடும் உடலும் எப்படி மாறுபட்டன என்பதை இந்நூல் போகிறபோக்கில் கற்றுத்தருகிறது.

‘ராஸ்பெரி நீரூற்று’ என்ற சித்திரத்தில் விளாஸ் என்ற குடியானவர் வருகிறார். மாஸ்கோவில் வண்டியோட்டியாக இருந்து அவருக்கும் சேர்த்துக் குத்தகைப் பணம் கட்டிவந்த மகன் இறந்துவிட்டான். ஆண்டுக்கு 95 ரூபிளை இனித் தன்னால் கட்ட முடியாது, குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க அவர் மாஸ்கோவரை நடந்தே போகிறார், பிரபு விரட்டிவிடுகிறார். கோகலிடம் இறந்தவரின் வரி நிலப்பிரபுவின் தலைவலி, அது வேடிக்கையாகிறது. துர்கனேவிடம் இறந்த மகனின் பாக்கி தகப்பனின் தலையில் விழுகிறது. அங்கே சிரிக்க எதுவுமில்லை. விளாஸோ, திரும்பிவரும் வழியில் நீரூற்றோரம் உட்கார்ந்து, இதை யாருக்கோ நேர்ந்ததுபோலச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். ‘இறந்த ஆன்மாக்க’ளில் பேசப்படாத மறுபாதி இந்தச் சில பக்கங்களில் இருக்கிறது.

அங்கதம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ‘காரியஸ்தர்’ என்ற சித்திரத்தில் பேனொச்கின் என்ற நாகரிகமான பிரபு, திராட்சை மது வெதுவெதுப்பாக இல்லை என்பதற்காகக் குரலை உயர்த்தாமலே பணியாளைத் தண்டனைக்கு அனுப்புகிறார். அவருடைய காரியஸ்தன், தன்னை எதிர்த்த ஒரு கிழவரின் இரண்டு பிள்ளைகளை முறை தவறிப் படைக்கு அனுப்பிவிட்டு மூன்றாமவனுக்கும் குறி வைக்கிறான். துர்கனேவ் இதற்கெல்லாம் கருத்துரை சொல்வதில்லை. வேட்டைக்காரர் கேட்டுவிட்டு வேட்டைக்குப் போய்விடுகிறார். அந்த அடக்கம்தான் நூலின் வலிமை.

செலவு எங்கே இருக்கிறது என்றால், பறவை, புல், மேகம், வெளிச்சம் பற்றிய நீண்ட வருணனைகளில். அவை அழகானவை, ஆனால் கதைக்காகக் காத்திருப்பவரைச் சோதிக்கும். தொடர்ச்சியான கதையும் கிடையாது. எல்லாச் சித்திரங்களும் அடிமை முறையைப் பற்றியவையும் அல்ல. சில வெறும் காதல் ஏமாற்றங்களைச் சொல்கின்றன, அவற்றைத் தாண்டிச் செல்வதில் நட்டமில்லை. மாகாண நகரமும் அதிகார அமைப்பும் ஏறக்குறைய இல்லை.

வரலாற்று ஆர்வத்தால் இந்தப் பக்கம் வருபவர்களுக்கும், ஒரே அமர்வில் படிக்கக்கூடிய சிறு அளவை விரும்புபவர்களுக்கும் இது கோகலைவிடச் சிறந்த தொடக்கம்.

## ஒப்லோமோவ்

350 அடிமைகளுக்கு உரிமையாளரான இலியா இலியீச் ஒப்லோமோவ், பீட்டர்ஸ்பர்கின் கொரோஹவாயா தெருவில் ஒரு வாடகை வீட்டில் படுத்திருக்கிறார். நாவலின் முதல் பகுதி முழுவதும் அவர் படுக்கையை விட்டு எழுவாரா என்பதுதான் கேள்வி. பண்ணையிலிருந்து தலையாரி எழுதிய கடிதம் வந்து கிடக்கிறது: வறட்சி, ஓடிப்போன குடியானவர்கள், இந்த ஆண்டு வருமானத்தில் 2,000 ரூபிள் குறைவு. பதில் எழுத வேண்டும், எழுதப்படுவதில்லை.

இந்நூலின் அடிமை ஒருவர்தான், ஆனால் மறக்க முடியாதவர். கிழட்டுப் பணியாள் ஸஹார், தூசியைத் துடைக்கமாட்டார், பாத்திரங்களை உடைப்பார், சில்லறையைத் திருடுவார், எசமானைப் பற்றி வாசலில் வம்பு பேசுவார், அதே எசமானை வேறொருவர் பழித்தால் சண்டைக்குப் போவார். வாழ்நாளில் ஒருமுறைகூடத் தன் காலுறையைத் தானே போட்டுக்கொண்டதில்லை என்று பெருமையுடன் சொல்லும் எசமானும், அதைப் போட்டுவிடும் பணியாளும் ஒருவரை ஒருவர் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். சாட்டை எங்கும் தென்படாத பண்ணையடிமை முறையின் சித்திரம் இது. அதனாலேயே சில வாசகர்களுக்கு அந்த முறை மென்மையானது என்ற தவறான எண்ணம் தோன்றவும் கூடும். இதைச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிராமம் வருவது முதல் பகுதியின் ஒன்பதாம் அத்தியாயமான ‘ஒப்லோமோவின் கனவி’ல். 1849இலேயே தனியாக வெளிவந்துவிட்ட அந்தப் பகுதியில், மதிய உணவுக்குப் பின் ஊரே உறங்குகிறது. விழப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த தாழ்வாரத்தை ஒருவரும் சரிசெய்யாமல், ஒருநாள் அது இடிந்து விழுகிறது. அஞ்சலில் ஒரு கடிதம் வந்தால் பிரித்துப் பார்க்கவே அஞ்சி நாட்களைக் கடத்துகிறார்கள். இதைப் போன்ற மாகாணச் சித்திரம் ரஷ்ய மொழியில் அரிது. மீதி நாவலோ பீட்டர்ஸ்பர்கில், ஓல்காவுடனான காதலிலும், உழைப்பின் திருவுருவமாகப் படைக்கப்பட்ட பாதி ஜெர்மானியரான ஷ்டோல்ட்ஸின் அறிவுரைகளிலும் நகர்கிறது. ஷ்டோல்ட்ஸ் வரும் பக்கங்கள் எனக்குச் சலிப்பூட்டுபவை. ஆசிரியரே அவரை முழுமையாக நம்பியதாகத் தெரியவில்லை.

நான்கில் நீளமானது இதுதான். மனித மனத்தின் செயலின்மையைப் பற்றிப் படிக்க விரும்புபவருக்கு அந்த நீளம் சுமையாகாது. அடிமை முறைக்காக மட்டும் வருபவர் முதல் பகுதியை முடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், பிறகு விமர்சகர் தோப்ரொலியூபோவ் 1859இல் எழுதிய ‘ஒப்லோமோவியம் என்றால் என்ன?’ என்ற கட்டுரையைப் படிக்கலாம்.

## கோலவ்லியோவ் குடும்பம்

மிஹயீல் சால்திகோவ், ஷெட்ரின் என்ற புனைபெயரில் எழுதியவர், ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் வியாத்கா என்ற தொலைதூர நகரில் தண்டனையாக அரசுப்பணி செய்து, பிறகு ரியஸான், த்வேர் மாகாணங்களில் துணை ஆளுநராக இருந்தவர். மாகாண நிர்வாகத்தை உள்ளிருந்து அறிந்த அவருடைய அறிவு இந்த நாவலைவிட ‘ஒரு நகரின் வரலாறு’ என்ற நூலில்தான் முழுமையாக வெளிப்பட்டது. தலைக்குள் இயந்திரம் பொருத்தப்பட்டு இரண்டே சொற்றொடர்களை மட்டும் திரும்பத் திரும்பக் கத்தும் நகர அதிகாரி வருவது அதில்தான். ஆனால் அது ரஷ்ய அரசர்களின் வரலாற்றைத் தெரிந்தவருக்கே முழுதாகச் சுவைக்கும் என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

‘கோலவ்லியோவ் குடும்பம்’ சொத்துச் சேர்த்த ஒரு தாயின் கதையாகத் தொடங்கி, அந்தச் சொத்து ஒவ்வொருவராக விழுங்கி முடிக்கும் கதையாக வளர்கிறது. அரீனா பெத்ரோவ்னா, ஏலத்தில் வரும் பண்ணைகளை ஆன்மாக்களோடு சேர்த்து வாங்கிக் குடும்பத்தை உயர்த்தியவர். அவருடைய அதிகாரத்துக்கு விழுந்த முதல் அடி, அடிமை முறை ஒழிந்ததால் வந்ததைவிட, அது ஒழியப்போகிறது என்ற பேச்சாலேயே வந்தது என்று ஷெட்ரின் காட்டுகிறார். 1861இன் இரு கரைகளிலும் நிற்கும் நூல் இந்த நான்கில் இது மட்டுமே.

மகன் பொர்ஃபீரியின் பட்டப்பெயர் குட்டி யூதாஸ். கடவுளின் பெயரையும் அன்பின் சொற்களையும் ஓயாமல் உச்சரித்தபடி எதிரே இருப்பவரை உறிஞ்சி எடுக்கும் மனிதர். அலுவலகப் பணத்தைச் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு உதவி கேட்டு வரும் மகனிடம் அவர் பேசும் பேச்சு, ரஷ்ய இலக்கியத்திலேயே மிகக் கொடூரமான உரையாடல்களில் ஒன்று. தமக்குப் பிறந்த இன்னொரு குழந்தையை மாஸ்கோவின் அநாதை இல்லத்துக்கு அனுப்பிவிடுகிறார். சிச்சிகோவ் இறந்தவர்களை அடகு வைக்கத் திட்டமிட்ட அதே காப்பாளர் மன்றத்தின் பொறுப்பில் நடந்த இல்லம் அது. அடிமைகள்மீது கடன் கொடுத்த கருவூலம் அநாதை இல்லங்களோடு சேர்த்தே 1772இல் தொடங்கப்பட்டது. கடைசி ஆண்டுகளில் தனியறையில் அமர்ந்து, இல்லாத மாடுகளின் பாலுக்கும் வெட்டாத மரத்துக்கும் விலை போட்டு, பிறந்தபோது தாத்தா கொடுத்த 100 ரூபிள் வட்டியோடு இன்று எவ்வளவாகியிருக்கும் என்று காகிதத்தில் கூட்டிக்கொண்டே இருக்கிறார் பொர்ஃபீரி. சிச்சிகோவின் கையில் துள்ளலாக இருந்த காகிதக் கணக்கு இங்கே பைத்தியமாகக் கெட்டிப்பட்டுவிட்டது.

இதன் செலவு முழுவதும் மனத்துக்கு. அடுத்தடுத்து மரணங்கள், வெளிச்சம் நுழையாத அறைகள், பொர்ஃபீரியின் முடிவில்லாத பேச்சு. இதழில் தனித்தனியாக வந்தவை பின்னர் நாவலானதால் சில செய்திகள் திரும்பவும் சொல்லப்படுகின்றன. அடிமைகள் பெரும்பாலும் சமையலறையிலிருந்தும் தாழ்வாரத்திலிருந்தும் எட்டிப்பார்ப்பவர்களாகவே இருக்கிறார்கள். முதல் நூலாக இதை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. கோகலைப் படித்துவிட்டு, அந்தப் பிலியூஷ்கினின் வீட்டுக்குள் தங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

## ஒன்றா, இரண்டா

ஒரே நூல்தான் என்றால் ‘இறந்த ஆன்மாக்க’ளின் முதல் பகுதி. அதன் பெருங்குறை, அடிமையின் பக்கத்திலிருந்து பார்க்காதது. அதை ஈடுசெய்ய இன்னொரு முழு நூல் தேவையில்லை. துர்கனேவின் ‘காரியஸ்தர்’, ‘ராஸ்பெரி நீரூற்று’ ஆகிய இரண்டையும் உடனே அடுத்துப் படித்தால் போதும், ஒரு மாலைப்பொழுது வேலை. கோகலின் நீண்ட உவமைகள் முதல் மூன்று அத்தியாயங்களிலேயே உங்களை விரட்டினால், விடாப்பிடியாகத் தொடர வேண்டியதில்லை. துர்கனேவில் தொடங்கி, பிறகு கோகலின் ஏழாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் பாருங்கள். குழுவாகப் படித்து விவாதிப்பவர்களுக்கு மட்டும் என் வரிசை மாறும்: அவர்களுக்கு ‘ஒப்லோமோவ்’ உகந்தது, ஏனெனில் அந்த மனிதரைக் கண்டிப்பதா, அவர் மீது இரங்குவதா என்பதில் எந்த இரண்டு வாசகரும் ஒத்துப்போவதில்லை.

## இரண்டாம் பகுதியும் மொழிபெயர்ப்பும்

‘இறந்த ஆன்மாக்கள்’ வாங்கும்போது இன்னும் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். கோகல் இரண்டாம் பகுதியை 1845இல் ஒருமுறை எரித்தார். 1852 பிப்ரவரியில் மாஸ்கோவில், இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஓர் இரவில் மறுபடியும் எரித்தார். எஞ்சிய வரைவுகள் 1855இல் அச்சாயின. அதில் தெந்தெத்னிகோவ் என்ற சோம்பேறி இளைஞரின் அறிமுகம் மிக நன்றாக இருக்கிறது. ஒப்லோமோவுக்கு முன்னோடி என்றே சொல்லலாம். அதன் பிறகு வரும் கொஸ்தன்ஷோக்லோ என்ற முன்மாதிரிப் பண்ணையாரும், முராஸொவ் என்ற புண்ணியவானான கோடீசுவரரும் போதனை செய்கிறார்கள், கதை நின்றுவிடுகிறது. கடைசி அத்தியாயம் வாக்கியத்தின் நடுவிலேயே முறிகிறது. முதல் பகுதி தன்னளவில் நிறைவானது என்பதால், அத்துடன் நிறுத்திக்கொள்பவருக்கு இழப்பு எதுவுமில்லை. கோகலின் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள விரும்புபவர் மட்டும் தொடரலாம்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஹோகார்த்தின் பழைய மொழிபெயர்ப்பு கவர்ச்சியான தேர்வாகத் தோன்றும். மூலத்தோடு அதிக உரிமை எடுத்துக்கொண்ட பெயர்ப்பு அது. கோகலின் வாக்கியங்களின் வளைவுகள் அதில் நேராக்கப்பட்டுவிடுகின்றன. 1942இல் வெளிவந்த குவெர்னியின் மொழிபெயர்ப்பை, மற்ற பெயர்ப்புகளை எள்ளிய எழுத்தாளர் நபக்கோவே பாராட்டினார். நகைச்சுவையின் துடிப்பு அதில் அதிகம். பெவியர், வொலஹோன்ஸ்கி இணையரின் 1996 மொழிபெயர்ப்பு மூலத்தின் வாக்கிய ஒழுங்கை நெருங்கிப் பின்பற்றுவதால் சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும். எதை வாங்கினாலும் அடிக்குறிப்புகள் உள்ள பதிப்பையே தேர்ந்தெடுங்கள்: பீட்டர் 1722இல் வகுத்த 14 படிகள் கொண்ட பதவி அட்டவணையில் சிச்சிகோவ் ஆறாம் படியில் நிற்கிறார் என்பது தெரிந்தால்தான், அந்த நகரம் முதல் நாளிலேயே அவருக்கு ஏன் வணக்கம் வைத்தது என்பது விளங்கும்.